ஓத்தெலின் இடது தோள்

மெம்ஃபிஸ், டென்னசி
பிப்ரவரி 9, 2004

அன்புள்ள ஓத்தெல்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. நிதானமாக உட்கார்ந்து படி.

என் அக்கா வில்மா இறந்தபோது நீ ஒரு அட்டை அனுப்பினாய். ஆறு வருடம் ஆகிறது. பதில் போடாமல் இருந்துவிட்டேன். போட வேண்டும் என்று மேஜை மேலேயே வைத்திருந்தேன், அப்புறம் அதன் மேல் சாமான் ஏறிவிட்டது. போன மாதம் கடையில் கிளியோத்தாவின் மனைவியைப் பார்த்தேன். நம் கிளியோத்தா டிரம்ஸ் அடிக்கும்போது அவர் தலை ஆடுமே, அதே மாதிரி இப்போது இவள் ஆட்டுகிறாள். அவள்தான் உன் ஆபரேஷன் பற்றிச் சொன்னாள். குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம், இனி பேச்சே கிடையாதாம். உன் வாய் மூடாதா என்று அந்தக் காலத்தில் எத்தனை முறை வேண்டியிருப்பேன்! இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் ஒரு முறைகூட வேண்டியிருக்க மாட்டேன். போனில் பேச முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் மழையில் நனைந்துகொண்டு என் வாசலில் நின்றார்.

“லவேடா ப்ரூயிட் இருக்காங்களா?”

“எந்த லவேடா?”

“பாடுவாங்களே, அவங்க.”

“அவ எழுபத்துநாலுலயே போயிட்டாளே தம்பி. இங்க இருக்கிறவ பள்ளிக்கூட சமையல்கட்டுல இருபத்தாறு வருஷம் வேலை பாத்துட்டு ஓய்வு வாங்கினவ. சாப்பாடு வேணும்னா சொல்லு, போடறேன்.”

அவர் பெயர் கார்சன். சாப்பாடும் சாப்பிட்டார். நம் பழைய ‘ஞாயிறு மதியம் வரை’ ரெக்கார்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முழுசாக ஒரு ஆல்பம் போட வேண்டுமாம். பத்து புதுப் பாட்டு, கடைசியாக இந்தப் பழைய பாட்டு. முப்பது வருடத்துக்குப் பிறகு சோல் இசைப் பாடகி லவேடா ப்ரூயிட் திரும்பி வருகிறாள் என்று அட்டையில் போடுவாராம்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு மூன்று நாள் புரியவில்லை. நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை, ஓத்தெல். ஒரு ஆளுக்கு எவ்வளவு சோறு வைப்பது என்று இன்னும் அளவு பிடிபடவில்லை. தினமும் மிஞ்சுகிறது. சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வருகிறேன். தொண்டை சரியில்லை என்று முப்பது வருடமாக ஒரே சாக்கு. ஒருவேளை அதனால்தான் சரி என்று சொன்னேனோ என்னவோ.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்னும் சட்டப்படி உன் மனைவி
லவேடா

•

ஹெலினா, ஆர்கன்சா
பிப்ரவரி 13, 2004

மகாராணிக்கு,

கடிதம் வந்தது. ஐந்து முறை படித்தேன். ஆறாவது முறை படிப்பதற்குள் அக்கா மகன் லூத்தர் பிடுங்கி வைத்துவிட்டான், சாப்பாடு ஆறிப்போகிறது என்று.

சட்டப்படி மனைவி என்று எழுதியிருந்தாய். நமக்கு விவாகரத்து ஆகவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. தாள் அனுப்பினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று நானும், நீ அனுப்பு என்று நீயும் சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டிவிட்டோம். இந்த ஊரில் நம்மைவிட நீண்ட கல்யாணம் இரண்டோ மூன்றோதான் இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. தொண்டையில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். அதில் பேசினால் டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கிறது. சர்ச்சில் ஒரு குழந்தை பயந்து அழுதது. அன்றைக்கே அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். இப்போது தாளும் பேனாவும்தான். ஞாயிற்றுக்கிழமை இன்னமும் ஆர்கன் வாசிக்கிறேன். பாதிரியார், “ஓத்தெல், இப்பதான் நீ என் பிரசங்கத்துக்கு நடுவுல பேசாம உக்காந்திருக்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

உன் செய்தி எனக்குப் பெரிய சந்தோஷம், லவேடா. உண்மையாகவே சொல்கிறேன். பழைய பாட்டை ஒரு சுருதி இறக்கிப் பாடு. வெட்கப்படாதே, எல்லோருக்கும் இறங்கத்தான் செய்கிறது. எனக்கு முழுசாகவே இறங்கிவிட்டது.

ஆர்கனில் யார்?

என்றும் உன் பின்னால் உட்கார்ந்தவன்
ஓத்தெல்

•

மெம்ஃபிஸ்
பிப்ரவரி 27, 2004

அன்புள்ள ஓத்தெல்,

திங்கட்கிழமை ஆரம்பித்தோம். ஸ்டூடியோ முன்பு ரொட்டிக்கடையாக இருந்த இடம். வெயில் ஏறினால் இன்னும் சுவரிலிருந்து ஈஸ்ட் வாசனை வருகிறது. கார்சன் நம் காலத்து மைக்குகளை எங்கெங்கோ தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே தடவையில் வாசிக்க வேண்டுமாம். தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் வேலை வேண்டாம் என்கிறார். நல்ல மனுஷன்தான், ஆனால் என்னை ‘மிஸ் லவேடா’ என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு இன்னும் பத்து வயது கூடிவிடுகிறது.

ஆர்கனில் சிஸ்டர் யொலாண்டா பீச்சம். நாற்பது வயது, எங்கள் பக்கத்து சர்ச்சில் வாசிப்பவள். நன்றாக வாசிக்கிறாள், உன்னைவிட சுத்தமாகவே வாசிக்கிறாள். கோபித்துக்கொள்ளாதே.

கோபித்துக்கொள், பரவாயில்லை. இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. ஐந்து நாளாக ஒரு பாட்டுகூட முடியவில்லை. எனக்கு எடுப்பு வரவில்லை, ஓத்தெல், பாட்டுக்குள் எப்போது நுழைவது என்று பிடிபடவில்லை.

உனக்குத் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தாளக் கணக்கு வராது. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண ஆரம்பித்தால் நாலில் எனக்குப் பயம் வந்துவிடும். சின்ன வயதில் பாடகர் குழுவில் நான் மட்டும் தனியாக முன்னாலோ பின்னாலோ ஓடுவேன் என்று பின்வரிசையில் நிறுத்தினார்கள். அறுபத்திரண்டில் அந்த நாட்டுப்புறக் கிளப்பில் நீ ஆர்கனிலிருந்து தலையைத் திருப்பி, “எண்ணாத பொண்ணே. என் இடது தோளைப் பாரு. அது மேல வந்தா நீ வா” என்றாய். பார்த்தேன், வந்தேன். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. லவேடா ப்ரூயிட் தாளத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்துப் பாடுவதில் மேதை என்று எழுதினார்களே, எல்லாம் உன் தோள்தான்.

எழுபத்துநாலில் நீ ஷ்ரீவ்போர்ட் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஃப்ளோரைன் என்கிறவளோடு கலிபோர்னியாவுக்குப் போனாய். உன் இடத்தில் வேறு ஒருவரை உட்கார வைத்தார்கள். எடுப்பு மூன்று முறை தவறியது. மூன்றாவது தடவை முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பச்சை உடை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அவ்வளவுதான் என் பாட்டு. ஃப்ளோரைனை எப்போதோ மறந்துவிட்டேன். ஆர்கனில் இருந்த அந்தக் காலி இடம்தான் போகவில்லை.

ஸ்டூடியோ மார்ச் பத்தொன்பது வரைதான். பிறகு வாசிக்கிறவர்கள் ஊர் ஊராகப் போய்விடுவார்கள். கார்சன் இதுவரை ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இப்போது கேட்கிறேன். வந்து வாசிக்கிறாயா?

லவேடா

•

ஹெலினா
மார்ச் 2, 2004

அன்புள்ள லவேடா,

நான் வர முடியாது.

கோபப்படுமுன் கேள். இந்தக் கழுத்து ஓட்டை சும்மா இருக்காது. உஸ் உஸ் என்று இழுக்கும், திடீரென்று இருமல் வரும். எல்லோரும் ஒரே அறையில் இருந்து பதிவதென்றால் உன் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழைய ரயில் ஓடும். அந்தப் பழைய மைக்குகள் எறும்பு நடப்பதைக்கூடப் பிடிக்கும், உனக்குத் தெரியாததா?

சிஸ்டர் யொலாண்டாவை உன் கண்ணுக்கு நேரே உட்காரவை. தோளைத் தூக்கச் சொல். கெட்டிக்காரி என்கிறாய், செய்வாள்.

ஷ்ரீவ்போர்ட் பற்றி எழுதியிருந்தாய். அங்கே நடந்தது ஒரு வாரத்துக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நன்றாகச் சாப்பிடு. பாடும் நாளில் பால் குடிக்காதே.

ஓத்தெல்

•

மெம்ஃபிஸ்
மார்ச் 8, 2004

ஓத்தெல்,

பால் குடிக்காதே என்று எழுத ஒரு தபால்தலையா!

நீ சொன்னபடி செய்தோம். யொலாண்டாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உன்னைத் தவிர ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை, வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. நல்ல பெண், சிரிக்கவில்லை. தோளைத் தூக்கினாள். நழுவிப்போன உள்ளாடைப் பட்டையை மேலே இழுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து எடுப்பு போயிற்று. அடுத்த தடவை நான் சிரிக்கவில்லை, அப்போதும் போயிற்று. அவள் தூக்குகிறாள், நான் அதைப் பார்த்து, யோசித்து, வாயைத் திறக்கிறேன், அதற்குள் பஸ் போய்விடுகிறது. அவள் முன்னதாகத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் மோசம்.

“அவர் எப்படித்தான் தூக்குவாரு, சொல்லுங்கம்மா, அப்படியே செய்றேன்” என்று கேட்டாள். என்ன சொல்வது? தூக்குவார், நான் பாடிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது.

கார்சன் இன்று காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “மிஸ் லவேடா, நீங்க உங்க இஷ்டத்துக்குப் பாடுங்க. நாங்க மெஷின்ல நகர்த்தி சரியான இடத்துல வெச்சுக்கறோம். யாருக்கும் தெரியாது” என்றார். அவருக்கே அதில் விருப்பமில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரெக்கார்டில் நான் சரியான இடத்தில் இருப்பேன், ஓத்தெல். ஆனால் அங்கே என்னைத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பார்கள். அதற்கு நான் சர்ச்சில் மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

நீ வாசிக்க வேண்டாம். யொலாண்டா வாசிக்கட்டும். நீ அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார், போதும். இருமல் வந்தால் இருமு. மார்ச் பதினாறு, செவ்வாய், பதினோரு மணி. என் வாழ்க்கையில் நான் உன்னைக் கெஞ்சியதில்லை. ஃப்ளோரைன் விஷயத்தில்கூடக் கெஞ்சவில்லை. இப்போது கெஞ்சுகிறேன். ஒரு நாள் வந்துவிட்டுப் போ.

லவேடா

•

ஹெலினா
மார்ச் 11, 2004

லவேடா,

வருகிறேன். லூத்தரின் வண்டியில். பதினொன்றுக்கு அங்கே இருப்பேன்.

எனக்குக் கெட்டியானது எதுவும் இறங்காது. வழவழப்பாக ஏதாவது இருந்தால் போதும். அதைச் செய்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதினேன்.

ஓத்தெல்

•

மெம்ஃபிஸ்
மார்ச் 16, 2004, மாலை

ஓத்தெல் கெய்ன்ஸ்,

முட்டை கஸ்டர்ட் செய்திருந்தேன். ஜாதிக்காய் துருவிப் போட்டு, உனக்குப் பிடித்த மாதிரி மேலே கருகவிடாமல். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ஸ்டூடியோவுக்குப் போனேன்.

உனக்கு நாற்காலி போட்டாயிற்று. கைப்பிடி இல்லாத நாற்காலி, உனக்குக் கைப்பிடி பிடிக்காது என்று நான்தான் மாற்றச் சொன்னேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மணிக்குக் கார்சன், “வழியில ஏதாவது ஆயிருக்கும்” என்றார். இரண்டு மணிக்கு அதையும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அந்தக் கஸ்டர்டைச் சாப்பிட்டோம். நன்றாக வந்திருந்தது.

லூத்தருக்குப் போன் செய்தேன். வண்டி கவிழவில்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, நீ காலையில் கிளம்பி மதியமே வீட்டுக்குத் திரும்பிவிட்டாய் என்றான். ஷ்ரீவ்போர்ட்டில் நீ இருக்க மாட்டாய் என்று முன்னாலேயே எனக்குத் தெரியும். அங்கே காத்திருக்கவாவது வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை காத்திருக்க வைத்தாய்.

வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கார்சனிடம் மெஷினில் நகர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறேன்.

லவேடா

•

ஹெலினா
மார்ச் 16, 2004

லவேடா,

இதை இன்றே தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நான் வந்தேன். பத்தரை மணிக்கே வந்துவிட்டேன். ரொட்டிக்கடைக்கு எதிரே துணி வெளுக்கும் கடை இருக்கிறதே, அதன் முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இறங்குவதைப் பார்த்தேன். நீலக் கோட்டு. மடியில் ஏதோ சுற்றி வைத்திருந்தாய், அதைச் சாய்க்காமல் இறங்க வேண்டும் என்று கதவைக் காலால் தள்ளினாய். முப்பது வருடத்துக்குப் பிறகு உன்னைப் பார்த்தது அதுதான். அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால் நீ பாடியிருப்பாய். அது எனக்கு நிச்சயம். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்கள். ‘ஓத்தெல் வந்ததும்தான் லவேடாவுக்குப் பாட்டு வந்தது’ என்று அட்டையில்கூடப் போட்டிருப்பார்கள். நீயும் சாகும்வரை அப்படியே நம்பியிருப்பாய். அதனால்தான் இறங்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். குரல் இருந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் உனக்கு எடுப்புக் கொடுத்ததே இல்லை, லவேடா.

அறுபத்திரண்டில் தோளைப் பார் என்று சொன்னது உன் பயத்தைத் தணிக்க. நீ எண்ணுவதை நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். முதல் இரண்டு மூன்று நாள் நானே கணக்குப் பார்த்துத் தூக்கினேன். அப்புறம் நீ எனக்கு முன்னால் போக ஆரம்பித்துவிட்டாய். பாடுவதற்குச் சற்று முன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாய். சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் உன் குரலுக்கு வழிவிட நான் ஆர்கன் சத்தத்தைக் குறைப்பேன். குறைக்கிற மிதி காலுக்கடியில் இருக்கிறது. வலது பாதத்தைப் பின்னால் சாய்த்தால் உடம்பு ஒரு பக்கம் போகும், இடது தோள் மேலே வரும். நீ பார்த்தது அதைத்தான். முதலில் உன் மூச்சு, அப்புறம் என் தோள். நீ உன்னுடைய மூச்சைத்தான் என் தோளில் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் மட்டுமில்லை. கிளியோத்தா ஒருநாள் என்னிடம், “நாம எங்கடா வாசிக்கிறோம், அவ மூச்சு இழுத்தா நாம ஓடறோம்” என்றான். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். தாளத்தைப் பின்னால் இழுத்து வைத்த மேதை என்று எழுதினார்களே, அது பொய்யில்லை. அது நீதான்.

சொல்லாததற்குக் காரணம் கேட்பாய். நீ பெரிய ஆளாகிக்கொண்டே போனாய். நான் ஆர்கன் வாசிக்கிற ஆயிரம் பேரில் ஒருவன். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் லவேடா ப்ரூயிட் என் பக்கம் திரும்பி என் தோளுக்காகக் காத்திருப்பாள். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் எனக்கு இருந்த ஒரே பிடி அது.

ஷ்ரீவ்போர்ட்டில் ஏன் தவறியது என்றும் தெரியும். அங்கே இருந்தவர்களைக் கேட்டேன். பயத்தில் நீ மூச்சையே பிடித்துக்கொண்டு அந்த ஆளின் தோளை முறைத்துக்கொண்டிருந்தாயாம். நீ மூச்சு இழுக்காவிட்டால் உனக்கே எப்படித் தெரியும்? ஒரு போன் செய்திருந்தால் போதும். தோளைப் பார்க்காதே, மூச்சை இழு என்று சொல்லியிருந்தால் அடுத்த வாரமே நீ மேடையில் இருந்திருப்பாய். போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் இல்லாமல் அவளால் முடியவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, லவேடா. அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அதற்குள் சொல்ல வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்திலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை யாரையும் பார்க்காதே. கண்ணை மூடிக்கொள். மூச்சை இழு.

ஓத்தெல்

•

மெம்ஃபிஸ்
ஆகஸ்ட் 22, 2004

ஓத்தெல்,

உன் கடிதம் அந்த வியாழக்கிழமையே வந்துவிட்டது. ஐந்து மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதியிருந்தால் நல்ல வார்த்தை ஒன்றுகூட வந்திருக்காது. இன்றும் அதிகம் வராது.

படித்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். முப்பது வருடம், ஓத்தெல். சமையல்கட்டில் பெரிய அண்டாக்களைத் தேய்க்கும்போது எனக்குள் பாட்டு வரும். வாயைத் திறக்கப் போவேன். அப்புறம், ஆள் இல்லை என்று மூடிக்கொள்வேன். எத்தனை நாள் அப்படி மூடியிருப்பேன், எண்ணிப் பார். உனக்குத்தான் எண்ணத் தெரியுமே. ஃப்ளோரைனுக்காகக்கூட உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. உன் கடிதத்தை அடுப்பில் போட எடுத்தேன். அடுப்பு மின்சார அடுப்பு.

வெள்ளிக்கிழமை போனேன். யொலாண்டாவிடம், “இன்னிக்குத் தோளெல்லாம் வேண்டாம்மா. நீ பாட்டுக்கு வாசி” என்றேன். யாருடைய முகமும் தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கண்ணை மூடினேன். அவர்கள் ஆரம்பித்தார்கள். நான் எண்ணவில்லை. மூச்சை இழுத்தேன்.

வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் கார்சன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ஆறு பாட்டு. கார்சன் ஸ்டூடியோவை இரண்டு நாள் நீட்டிக்க, வாசிக்கிறவர்கள் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டார்கள். சனி, ஞாயிறில் மிச்சம் ஐந்தும் முடிந்தது. ஒன்றைக்கூட மெஷினில் நகர்த்தவில்லை.

நீ சொன்னது உண்மை. எல்லாம் நான்தான். இதை நினைத்து எவ்வளவு சந்தோஷமாக இருக்க வேண்டும்! எனக்கு என்ன வந்தது தெரியுமா? அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது இந்த வீடு இவ்வளவு காலி என்று முதல் தடவையாகத் தெரிந்தது. இத்தனை வருடம் நான் தனியாக இருக்கவில்லை. என் குறை ஒன்று இருந்தது, அந்தக் குறைக்குள் நீ உட்கார்ந்திருந்தாய். அவன் இல்லாததால் பாடவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு அவன் இருந்தான். இப்போது அதுவும் போயிற்று. ஒரு தோளும் இல்லாமல் இவ்வளவு சுலபமாகப் பாடுகிறேன், பாடிவிட்டு யாரைத் திரும்பிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

ரெக்கார்டு போன வாரம் வெளிவந்தது. பத்திரிகையில் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் பூ அனுப்பினார். அதை வைக்க எனக்கு ஜாடி இல்லை, ஊறுகாய் பாட்டிலில் வைத்திருக்கிறேன். சர்ச்சில் பாடகர் குழுத் தலைவியிடம் போய், “எனக்குத் தொண்டை ஒண்ணும் கெடல. முப்பது வருஷமா பொய் சொன்னேன்” என்றேன்.

“எங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க?”

“நீங்களா சொல்வீங்கன்னு பாத்தோம். குழுவுல பாட உங்களுக்கு அங்கி எந்த அளவு?”

முப்பது வருடமாக எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எதையோ சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். நீ அப்படி இல்லை.

ரெக்கார்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே ஒரு விஷயம் சொல்லத்தான். கடைசிப் பாட்டு நம் ‘ஞாயிறு மதியம் வரை’. ஒரு சுருதி இறக்கித்தான் பாடியிருக்கிறேன். பதிந்த ஒலிகளைக் கலந்து சரிசெய்கிற பெண் ஒவ்வொரு பாட்டிலும் முதல் வரிக்கு முன்னால் நான் மூச்சு இழுக்கிற சத்தத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் அப்படித்தானாம். பத்துப் பாட்டுக்குச் சரி என்று விட்டுவிட்டேன். கடைசிப் பாட்டுக்கு வந்தபோது, “இதுல மட்டும் கை வைக்காதே” என்றேன்.

“இது வெறும் மூச்சும்மா. பாட்டு இல்ல” என்றாள்.

“ஒருத்தனுக்கு அதுதான் பாட்டு. விட்டுடு” என்றேன்.

ஆர்கன் நாலு சுற்று போகும். அப்புறம் கேட்கும். சின்னச் சத்தம்தான், வானொலியில் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்தால் தெரியும். உனக்கு அதற்கு மேல் எதையும் நான் தரப்போவதில்லை. அது கேட்டதும் உன் தோள் தானாக எழுந்தால் எழட்டும். நான் பார்க்க மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

லவேடா ப்ரூயிட்